‘ஃப்ளோ ஃபார்ம்டு’ என்று சொல்லி வெல்டிங் வைத்த வீலை விற்கிறார்கள், உஷார்

ரேஸ் ட்ராக்கில் கார் ஓட்டுபவர்கள் யாராவது இப்போது வீல் தேடிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். கார் பாகங்களுக்கென்றே இருக்கும் ஒரு ஆன்லைன் சந்தையில், ஏகப்பட்ட நட்சத்திரம் வாங்கிய ஒரு விற்பனையாளரிடம் நாலு அலாய் வீல் வாங்கினேன். புத்தம் புதுசு, ஃப்ளோ ஃபார்ம்டு, ட்ராக்கில் சோதித்தது என்று விளம்பரம். வந்தவை பழைய வீல்கள். அதில் ஒன்று விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து, மேலே பெயின்ட் அடித்து மறைத்தது. போனது இரண்டு செட் ட்ராக் டயர் வாங்கும் பணம். வயிறு எரிகிறது.

ட்ராக் காருக்கு வீல் தேய்மானப் பொருள் மாதிரிதான் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ட்ராக் ஓரத்து மேடான கெர்பில் ஏறி இறங்கும், பிரேக் சூட்டில் வேகும், ஒட்டும் டயர் போட்டால் வளைவில் சாதாரண டயரைவிட அதிக விசையைத் தாங்க வேண்டியிருக்கும். ஃபோர்ஜ்டு வீல் (உலோகக் கட்டியை அதிக அழுத்தத்தில் நசுக்கி உருவாக்குவது) வாங்கினால் மற்ற எதற்கும் காசு மிஞ்சாது. மலிவான வார்ப்பு வீல் கனமாக இருக்கும். நடுவில் இருப்பதுதான் ஃப்ளோ ஃபார்மிங். முதலில் வீலை வார்த்துவிட்டு, டயர் உட்காரும் வளையப் பகுதியை மட்டும் சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி நீட்டுவார்கள். அந்தப் பகுதி மெலிசாகவும் வலுவாகவும் ஆகிவிடும். ஸ்போக்கும் நடுப்பகுதியும் வார்ப்பாகவே இருக்கும். ஆக, நான் கூடுதல் காசு கொடுத்தது அந்த வளையத்துக்காக. அந்த வளையத்திலேயே கைவைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை வந்தது எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அப்படித்தான் வரும். அந்த ஆள் ஒன்றும் தெரியாதவர் இல்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் கேட்டார்: முன்னால் என்ன பிரேக் காலிப்பர், என்ன அகல டயர், ஆஃப்செட் 35 (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் பரப்பு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது) போட்டால் உள்பக்கம் இடிக்குமா என்றெல்லாம். “சென்டர் போர் 73.1 ப்ரோ, உங்க ஹப் 67.1. பிளாஸ்டிக் வளையம் போடாதீங்க, பிரேக் சூட்டுல உருகிடும். அலுமினிய வளையம் நானே வச்சு அனுப்புறேன்” என்றார். நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. (காரின் ஹப்புக்கும் வீலின் நடு ஓட்டைக்கும் இடையிலான இடைவெளியை அடைக்கும் அந்த வளையங்கள் மட்டும் சொன்னபடி வந்தன. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

எடை கேட்டேன். உடனே வீடியோ. கறுப்பு மேசை, அதன்மேல் டிஜிட்டல் தராசு, வீலைத் தூக்கி வைக்கிறார், பச்சை எண்ணில் 7.6 கிலோ. 17 அங்குல வீலுக்கு அது நல்ல எடை. இதற்குமேல் ஒருவர் என்ன காட்ட முடியும்? பணத்தை அனுப்பினேன். இரண்டு செட் டயர் பணம், ஒரே தவணையில்.

பெட்டியைப் பிரித்ததும் கண்ணில் பட்டது பெயின்ட். நட்டு உட்காரும் கூம்பு வடிவப் பள்ளத்திலும் தடிமனாக அடித்திருந்தார்கள். அங்கே பெயின்ட் இருந்தால் நட்டு இறுக்கும்போது நசுங்கும், ஓட்டின பிறகு இறுக்கம் குறையும். கேட்டதற்கு “அது ஃபேக்டரி கோட்டிங் ப்ரோ” என்று பதில். பள்ளத்தைச் சுத்தம் செய்து, டயர் ஏற்றி, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கி ட்ராக்குக்குப் போனேன்.

ட்ராக்கில் ஓடினால் டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறத்தானே வேண்டும்? மூன்று டயரில் ஏறியிருந்தது. முன் இடது டயரில் மட்டும் இறங்கியிருந்தது. காற்றடித்துவிட்டு மறுபடி பார்த்தால், நிற்கும்போதே இறங்குகிறது. வால்வில் கசிவு இல்லை. வீலைக் கழற்றி உள்பக்கம் சோப்புத் தண்ணீர் ஊற்றியதும், வளையத்தின் உள் விளிம்பை ஒட்டி பொடிப் பொடியாய்க் குமிழ், ஒரு விரல் நீளத்துக்கு வரிசையாக. நகத்தால் சுரண்டினேன். கறுப்புப் பெயின்டுக்குக் கீழே பள்ளத்தை நிரப்பப் பூசும் சாம்பல் நிறப் பட்டி. பட்டியைப் பெயர்த்தால் கீழே அரம் போட்டு மட்டப்படுத்திய வெல்டிங், அதன் ஓரமாகப் புது விரிசல்.

அலுமினிய வீலின் பலம் வார்ப்போடு முடிவதில்லை. அதற்கப்புறம் செய்யும் டி6 என்கிற வெப்பப் பதம்தான் முக்கியம். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் சுற்றுவட்டாரத்தில் கெட்டுவிடும். வெல்டிங்கின் ஓரத்தில் விரிசல் ஆரம்பித்ததில் ஆச்சரியமே இல்லை. வேகமான வலது வளைவில் காரின் பாரம் அதிகமாக முன் இடது வீலில்தான் விழும். அங்கே இது பிளந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பணத்தைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்.

டயர்களைக் கழற்றி நாலையும் எடை போட்டேன். ஒன்றுகூட 9.5 கிலோவுக்குக் குறையவில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் பிடிபட்டது: அதில் வால்வு ஓட்டை இரண்டு ஸ்போக்குக்கு நடுவில் இருக்கிறது, எனக்கு வந்த வீல்களில் ஸ்போக்குக்கு நேர் பின்னால். வேறு வீலைத் தராசில் வைத்து எடுத்த வீடியோ! பின்பக்கம் தயாரிப்புத் தேதி இருக்க வேண்டிய இடத்தை மழுங்கத் தேய்த்திருக்கிறார்கள். ஜேடபிள்யூஎல் எழுத்து இருக்கிறது, விஐஏ முத்திரை இல்லை. விளம்பரத்தில் இரண்டும் உண்டு. ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானியத் தரத்தை எட்டியதாகத் தயாரிப்பாளர் தானே பொறித்துக்கொள்வது. விஐஏ இருந்தால்தான் வெளியார் சோதித்துப் பதிவு செய்தது என்று அர்த்தம். எத்தனை கிலோ சுமை தாங்கும் என்ற எண்ணும் எங்கேயும் இல்லை.

இனி பேச்சு எப்படி மாறியது என்று பாருங்கள். பணம் கட்டும்வரை ‘ப்ரோ’. புகார் சொன்னதும் ‘சார்’. “போட்டோ அனுப்புங்க சார்” என்றார், அனுப்பினேன். “வீடியோ வேணும் சார்”, அனுப்பினேன். அப்புறம் “கெர்ப்ல அடிச்சிருப்பீங்க” என்றார். வெல்டிங் படத்தைக் காட்டியதும் “டயர் கடைக்காரன் மெஷின்ல நசுக்கியிருப்பான்” என்றார். டயர் மெஷின் வெல்டிங் வைக்குமா? கடைசியில், ட்ராக்கில் ஓட்டினால் வாரன்டி கிடையாதாம். ‘ட்ராக்கில் சோதித்தது’ என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்றவர் சொல்கிறார் இதை! “மேனேஜர் கூப்பிடுவார்” என்பதோடு சரி, அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

சந்தைக்காரர்கள் இன்னும் மேல். டயர் ஏற்றிவிட்டதால் அது ‘பயன்படுத்திய பொருள்’, திரும்ப எடுக்க மாட்டார்களாம். டயர் ஏற்றாமல் வீலில் காற்று நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கேட்டால், “நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்ப எடுக்க இயலாது” என்று பதில். நிறத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இரண்டு செட் டயர் பணத்துக்கு ஈடாக, அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள்.

மலிவாகவும் உறுதியாகவும் வீல் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் அது வராது. அவசரத்துக்குச் சில: நாலு வீலுக்கும் பின்பக்கப் படம் கேளுங்கள், உங்கள் பெயர் எழுதிய சீட்டோடு. டயர் ஏற்றும் முன் எடை போடுங்கள். சுமை எண் இல்லாத வீல் வேண்டாம், அது அதிக பாரம் உள்ள அச்சின் எடையில் பாதிக்கு மேலேயே இருக்கட்டும். புதுப் பெயின்ட் அடித்த பழைய வீலைத் தொடவே தொடாதீர்கள், கீறல் விழுந்திருந்தாலும் பழைய பெயின்டோடு இருப்பது மேல். டிஇ37 என்ற புகழ்பெற்ற ஜப்பானிய ஃபோர்ஜ்டு வீல் மாதிரி ஆறு ஸ்போக் இருப்பதால் அது ஃபோர்ஜ்டு ஆகிவிடாது, 1996-இல் அந்த வீல் வந்ததிலிருந்து அந்த வடிவத்தை ஊரெல்லாம் காப்பி அடிக்கிறார்கள். கையில் காசு குறைவென்றால் காரோடு வந்த கம்பெனி வீலே போதும், கனம்தான், ஆனால் சோதித்துச் செய்தது.

சொல்ல மறந்துவிட்டேன். அதே கறுப்பு மேசை, அதே பச்சை 7.6, வீலின் முன்பக்கம் மட்டும் தெரிகிற அந்த வீடியோ இப்போது வேறொரு கடைப் பெயரில் ஓடுகிறது. விலையை இன்னும் குறைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்த வீடியோ வந்தால், பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மாட்டார்.