பேசும் பேனா: ரெண்டு மொழி வகுப்புக்கு வாங்கலாமா?

சின்னப் பிள்ளைங்களுக்கு ரெண்டு மொழியில பாடம் எடுக்குறவங்க யாராவது இந்தப் பேசும் பேனா (படத்தையோ ஸ்டிக்கரையோ தொட்டா அதுக்கான குரலைப் பேசுற பேனா) வாங்கலாமான்னு யோசிச்சுட்டு இருந்தீங்கன்னா, தாராளமா வாங்குங்க, ஆனா பெட்டியில கூட வர்ற புஸ்தகத்துக்காக வாங்காதீங்க. கூடவே ஒரு சின்ன கவர்ல வெறும் ஸ்டிக்கர் வரும் பாருங்க, நம்மளே குரல் பதிஞ்சு ஒட்டிக்கிறது, அதுக்காக வாங்குங்க. பல பேர் அந்த கவரைப் பிரிக்காமலே அலமாரியில வச்சிடுறாங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

பிராண்ட் பேர் நான் சொல்லல, ஏன்னா இந்த டைப் பேனா நிறைய கம்பெனி போடுறாங்க, உள்ள வேலை செய்ற விதம் ஏறக்குறைய ஒண்ணுதான். என் வகுப்புல அஞ்சுலேர்ந்து ஏழு வயசுப் பிள்ளைங்க. பாதி பேர் வீட்ல தமிழ், இங்கிலீஷ் புதுசு. மீதிப் பேர் வீட்ல இங்கிலீஷ், தமிழ் புதுசு. அதாவது எந்த நேரத்துல பாத்தாலும் வகுப்புல பாதிப் பேருக்கு நடக்குற பாடம் ரெண்டாவது மொழியில நடக்குது. இந்த மாதிரி வகுப்பு எடுக்குறவங்களுக்குத் தெரியும், நம்ம தொண்டைதான் முதல்ல போகும், ஒரே வார்த்தையை இந்தப் பிள்ளைக்கு ஒரு தரம் அந்தப் பிள்ளைக்கு ஒரு தரம்னு நாள் முழுக்க சொல்லிட்டே இருக்கணும்.

பேனா எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல சொல்லிடுறேன், இது தெரிஞ்சாதான் பின்னாடி சொல்ற குறை எல்லாம் புரியும். பேனா முனையில ஒரு குட்டி கேமராவும் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சமும் இருக்கு. புஸ்தகப் பக்கத்துலயும் ஸ்டிக்கர்லயும் ரொம்பப் பொடிப் பொடிப் புள்ளியா, ஒரு நம்பரைக் குறிக்கிற குறியீடு அச்சடிச்சிருப்பாங்க, உத்துப் பாத்தா லேசா சாம்பல் படிஞ்ச மாதிரி தெரியும், அவ்வளவுதான். பேனா அந்தப் புள்ளியைப் படிச்சு, அந்த நம்பருக்கு என்ன ஆடியோன்னு தன்னோட மெமரியில தேடி எடுத்துப் பேசும். முக்கியமான விஷயம், குரல் ஸ்டிக்கர்ல இல்ல, பேனாக்குள்ள இருக்கு.

கூட வர்ற தமிழ்ப் புஸ்தகம் எனக்குப் பெருசா உதவல. அச்சு நல்லாருக்கு, படம் நல்லாருக்கு, ஆனா பேசுறது முழுக்க எழுத்துத் தமிழ். "சிறுவன் வேகமாக ஓடுகிறான்"னு ஒருத்தர் செய்தி வாசிக்கிற குரல்ல சொல்றாரு. வீட்ல பாட்டி "பையன் ஓடுறான் பாரு"ன்னு சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கே அது வேற பாஷை மாதிரி இருக்கும்போது, தமிழே புதுசா கேக்குற பிள்ளை என்ன பண்ணும்? தமிழ்ல பேச்சு ஒண்ணு, எழுத்து ஒண்ணுன்னு ரெண்டு இருக்குறதால, தமிழ் புதுசா கத்துக்குற குழந்தை ஒரு மொழிக்குப் பதிலா ஒண்ணரை மொழி கத்துக்க வேண்டியிருக்கு. இதை இந்தப் புஸ்தகம் போடுறவங்க யாரும் யோசிச்ச மாதிரியே தெரியல. நான் பண்றது, ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்துலயும் ரெண்டு ஸ்டிக்கர். பச்சை ஸ்டிக்கர்ல பேச்சுத் தமிழ், நீலத்துல எழுத்துத் தமிழ். முதல் பருவம் முழுக்க பச்சை மட்டும்தான் ஒட்டுவேன். காது நல்லாப் பழகினதுக்கு அப்புறம் நீலம் வரும், அப்ப பிள்ளைங்களே ரெண்டையும் மாத்தி மாத்தித் தொட்டு "ஓடுறான்தான் ஓடுகிறானா?"ன்னு கேக்குறாங்க. இலக்கணம்னு தனியா எதுவும் நடத்தாமலே அது உள்ள போகுது.

ஸ்டிக்கரை எங்க வேணா ஒட்டலாம்ங்கறதுதான் இதோட பெரிய பலம். வகுப்புக் கதவு, ஜன்னல், கைகழுவுற இடம், டைனோசர் பொம்மை, ஏற்கனவே அலமாரியில இருக்குற சாதாரணக் கதைப் புஸ்தகம் எல்லாத்துலயும் ஒட்டியிருக்கேன். கைகழுவுற இடத்துல "தண்ணியைத் திற, கையை நனை, சோப்பு போடு"ன்னு வரிசையா இருக்கு, கேட்டுக்கிட்டே செய்வாங்க. சொல்றதைக் கேட்டு உடம்பால செய்றது மூலமா மொழி உள்ள போகும்னு 1960கள்லயே ஜேம்ஸ் ஆஷர்ங்கற உளவியலாளர் ஒரு முறையே உருவாக்கினாரு, பதிலுக்குப் பேசணும்ங்கற கட்டாயமே அதுல கிடையாது. சின்னப் பிள்ளைங்களுக்கு அது இன்னைக்கும் நல்லா வேலை செய்யுது.

இப்ப நான் ரொம்ப மதிக்கிற விஷயத்துக்கு வர்றேன். புது மொழிக்குள்ள வர்ற சின்னப் பிள்ளைங்க நிறைய பேர் கொஞ்ச நாள் வாயே திறக்க மாட்டாங்க. சில வாரம், சிலருக்குப் பல மாசம். இதை மௌன காலம்னு சொல்லுவோம். அந்த நேரத்துல பிள்ளை சும்மா இல்ல, கேட்டுக்கிட்டே இருக்கு, உள்ள எல்லாம் சேந்துட்டு இருக்கு. ஆனா பெத்தவங்க பயந்துடுவாங்க, மேல இருக்குறவங்க "இந்தப் பிள்ளைக்கு ஏதாவது பிரச்சனையா"ன்னு ஃபார்ம் எடுத்துட்டு வருவாங்க. பேசு பேசுன்னு நெருக்கினா பிள்ளை இன்னும் சுருங்கிடும்.

போன பருவம் ஒரு பொண்ணு, வீட்ல இங்கிலீஷ், தமிழ் நேரத்துல ஒரு வார்த்தை வராது. அவ பேனாவை எடுத்துட்டு ஹெட்ஃபோனை மாட்டிட்டு புஸ்தக மூலையில உக்காந்தா. வண்டி படத்துல நான் பதிஞ்சு வச்சிருந்த "வண்டி"யைத் தொட்டா. திரும்பத் தொட்டா. உதடு மட்டும் அசையுது. அப்புறம் பக்கத்துல ஒரு வெறும் ஸ்டிக்கரை ஒட்டி, கட்டை விரலால ரெக்கார்ட் பட்டனை அமுக்கி, பேனாவை வாய்க்குப் பக்கத்துல பிடிச்சு மெதுவா "வன்டி"ன்னு சொன்னா. போட்டுக் கேட்டா. முகம் மாறுச்சு. என் குரலைத் தொட்டா, தன் குரலைத் தொட்டா, அழிச்சுட்டு மறுபடி பதிஞ்சா. நான் ஒண்ணும் சொல்லல, தூரத்துல இன்னொரு குரூப்போட இருந்தேன். கடைசியில நாக்கை மேல மடிச்சு சுத்தமா "வண்டி"ன்னு வந்துச்சு, அதோட ஓடி வந்து பேனாவை என் காதுல வச்சா. அவ வாயால என்கிட்ட சொல்லல, பேனாவை விட்டுச் சொல்ல வச்சா. எனக்கு அது போதும். அடுத்த மாசம் பேனா இல்லாமலே வந்துச்சு.

அந்த ண-ன விஷயம் சின்னதில்ல. 1984ல ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ்னு ரெண்டு உளவியலாளருங்க இங்கிலீஷ் கேட்டு வளர்ற குழந்தைங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. ஆறேழு மாசக் குழந்தை இந்தியோட ட-வுக்கும் த-வுக்கும் வித்தியாசத்தைக் காதால பிரிக்குது, அதே பத்து பன்னெண்டு மாசம் ஆனா பெரும்பாலும் பிரிக்கிறதில்ல, தன்னைச் சுத்திக் கேக்காத வித்தியாசத்தை காது கண்டுக்காம விட ஆரம்பிச்சிடுது. நம்ம மொழியில நாக்கு மடிச்சுச் சொல்ற எழுத்து இத்தனை இருக்கு. அஞ்சு வயசுல வர்ற பிள்ளை இதைத் திரும்பப் பிடிக்க முடியும், ஆனா அதுக்கு ஒரே வார்த்தையை ஒரே மாதிரி, நிறைய தரம், சலிக்காம யாராவது சொல்லணும். நம்ம எவ்வளவு பொறுமையா இருந்தாலும் பத்தாவது தரம் குரல் மாறிடும். மேரி பட் ரோங்கற கல்வி ஆய்வாளர் 1970கள்ல வகுப்பறை டேப்பெல்லாம் கேட்டுப் பாத்து எழுதினது இன்னும் உண்மைதான், கேள்வி கேட்டுட்டு டீச்சருங்க ஏறக்குறைய ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அதை மூணு செகண்டாக்கினாலே பிள்ளைங்க பதில் நீளமாகுது, பேசாத பிள்ளையும் பேசுது. பேனா எவ்வளவு நேரம் வேணா காத்திருக்கும்.

ஒண்ணு சொல்லணும், ஹெட்ஃபோன் இல்லாம இதை வாங்காதீங்க. பேனாவுல இருக்குற ஸ்பீக்கர்ல பல்லியும் பள்ளியும் ஒரே மாதிரி கேக்குது. ஹெட்ஃபோன்ல போட்டா ரெண்டும் நல்லாப் பிரியுது. ழ கூட அப்படித்தான். தமிழ் சொல்லிக் குடுக்க இதுதான் உயிர், அதனால ஹெட்ஃபோன் மாட்ட ஓட்டை இல்லாத மாடல் எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது வீடு. ரெண்டு மொழிக் கல்வியை ஆராய்ஞ்ச ஜிம் கம்மின்ஸ் 1979லயே பேசிப் பழகுற மொழி வேற, பாடம் படிக்கிற மொழி வேறன்னு பிரிச்சுக் காட்டினாரு. விளையாட்டுத் திடல்ல சகஜமாப் பேச ஏறக்குறைய ரெண்டு வருஷம், பாடத்துக்கு வேணுங்கற மொழி வர அஞ்சுலேர்ந்து ஏழு வருஷம்னு அவரோட பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லுது. அந்த அஞ்சு வருஷமும் பிள்ளை யோசிக்கிறது எந்த மொழியில? வீட்டு மொழியிலதான். "வீட்ல இங்கிலீஷே பேசுங்க, அப்பதான் சீக்கிரம் வரும்"னு பெத்தவங்ககிட்ட சொல்ற டீச்சருங்க இன்னும் இருக்காங்க, தயவு செஞ்சு அதை நிறுத்துங்க, ஒரு மொழியில புரிஞ்ச விஷயம் இன்னொரு மொழிக்கு அப்படியே கூட வரும். நான் பேனாவையும் நாலு ஸ்டிக்கரையும் ஒரு பையில போட்டு வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்கு அனுப்புவேன். ஒரு அப்பா, சாயங்காலம் நிழல் ஏன் நீளுதுன்னு தமிழ்ல பொறுமையா, நடுவுல பையன் கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, ரெண்டு நிமிஷம் பதிஞ்சு அனுப்பினாரு. அதை அறிவியல் சுவர்ல ஒட்டி, இங்கிலீஷ்ல நிழல் பாடம் எடுக்குறதுக்கு முன்னாடி தமிழ்ப் பிள்ளைங்களைக் கேக்க வச்சேன். பாடத்துல அவங்கதான் முதல்ல கை தூக்கினாங்க, ஏன்னா விஷயம் ஏற்கனவே தெரியும், இங்கிலீஷ் வார்த்தை மட்டும்தான் புதுசு. அந்தப் பையன் அன்னைக்கு முழுக்க "அது எங்க அப்பா"ன்னு எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு இருந்தான்.

குறைன்னு பாத்தா இருக்கு, நிறையவே இருக்கு. பெரிய குறை, பதிஞ்ச ஸ்டிக்கர் மேல மறுபடி பதிஞ்சா பழசு போயிடும், "அழிக்கவா?"ன்னு கூட கேக்காது. ஒரு பையன் தன் பாட்டி பதிஞ்சு அனுப்பின கதை மேல தெரியாம சிங்கம் கத்துற மாதிரி கத்திப் பதிஞ்சுட்டான், அழுதான் பாருங்க, தாங்க முடியல. பாட்டி திரும்பப் பதிஞ்சு குடுத்தாங்க, ஆனா எல்லா வீட்லயும் அப்படி முடியாது. அஞ்சு வயசுப் பிள்ளைங்க கையில குடுக்குற சாமானுக்கு ஒரு பூட்டு கூட வைக்காம எப்படி விக்கிறாங்கன்னு எனக்குக் கோபம்தான் வருது. அதுக்கப்புறம் வீட்லேர்ந்து வர்ற குரலை எல்லாம் அன்னைக்கே கேபிள் போட்டுக் கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சிடுறேன். குரல் பேனாக்குள்ளதான் இருக்குன்னு சொன்னேன்ல, ரெண்டு பேனா வச்சிருந்தா ஒண்ணுல பதிஞ்சது இன்னொண்ணுல பேசாது, ஃபைலைக் காப்பி பண்ணணும், அந்த வேலை கொஞ்சம் எரிச்சல்தான்.

பென்சில் இன்னொரு தலைவலி. பிள்ளைங்க ஸ்டிக்கர் மேல பென்சிலால கிறுக்கிட்டா பேனா படிக்காது, ஏன்னா புள்ளி அச்சடிக்கிறது கார்பன் கலந்த கறுப்பு மை, பென்சில் கரியும் அந்த இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை அதே மாதிரி உறிஞ்சிடும், கேமராவுக்கு எல்லாம் ஒரே இருட்டாத் தெரியும். கலர் ஸ்கெட்ச்ல வரைஞ்சா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அதனால ஸ்டிக்கர் மேல படம் வரையச் சொல்றதா இருந்தா ஸ்கெட்ச் மட்டும் குடுங்க. வால்யூம் ஒவ்வொரு தரம் ஆன் பண்ணும்போதும் பழைய இடத்துக்கே போயிடுது, அது சின்ன விஷயம்.

டேப்லெட்ல ஆப் இருக்கே, இது எதுக்குன்னு கேக்கலாம். பிள்ளை டேப்லெட்டைத் தொட்டா கண்ணு ஸ்கிரீன்லதான். பேனாவுல கண்ணு படத்துலயும் எழுத்துலயும் நிஜக் கதவுலயும் இருக்கு. நெட் வேண்டாம், பிள்ளைங்க குரல் யாரோட சர்வருக்கும் போகாது, பெத்தவங்ககிட்ட அனுமதி கேக்கும்போது இதைச் சொன்னா நிம்மதியா கையெழுத்து போடுறாங்க. சில புது மாடல் ஆப்போட இணைஞ்சு வருது, அதை வாங்குனா குரல் எங்க போகுதுன்னு படிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. கியூஆர் கோடு ஒட்டிச் சமாளிக்கிறவங்களும் இருக்காங்க, பெரிய பிள்ளைங்களுக்கு அது போதும். அஞ்சு வயசுக்கு நேராப் பிடிச்சு ஸ்கேன் பண்றதுக்குள்ள பொறுமை போயிடும்.

இருபது பிள்ளைங்க இருக்குற வகுப்புக்கு ரெண்டு பேனா போதும், ஆளுக்கு ஒண்ணுன்னு வாங்கினா பிள்ளைங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதுதான் குறையும். ரெண்டு பேர் ஒரு பேனா வச்சுக்கிட்டு, ஒருத்தர் தமிழ் வீடு ஒருத்தர் இங்கிலீஷ் வீடுன்னு ஜோடி போட்டு விடுங்க, ஹெட்ஃபோனைப் பிரிக்கிற ஒயர் ஒண்ணு வாங்கிக்குங்க. வாங்கும்போது வெறும் ஸ்டிக்கர் தனியா கிடைக்குதான்னு கேளுங்க. அது தீந்துபோனா மறுபடி வாங்க வழியில்லாத மாடலா இருந்தா, எவ்வளவு புஸ்தகம் கூடக் குடுத்தாலும் விட்டுடுங்க.