ஜாயிண்ட் தானாக மாறும் என்றார்கள், ரூ.1,42,000 போய்விட்டது

கிச்சன், வார்ட்ரோப் வேலை எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். பலகைத் தடிமனை மாற்றினால் ஜாயிண்ட், அதாவது பலகைகள் சேரும் இடத்து அளவுகள், தானாக மாறும் என்று சொன்ன கேபினெட் டிசைன் சாஃப்ட்வேருக்கு ரூ.1,42,000 கொடுத்தேன். நேற்று சாயங்காலம் "ரீஃபண்ட் எல்லாம் கிடையாதுங்க" என்று முடித்துவிட்டார்கள். பெயரைப் போடவில்லை. வெளிநாட்டு சாஃப்ட்வேரை வாங்கி விற்று, நம்ம ஊர் அளவுக்கு லைப்ரரி (அளவுகளோடு தயாராக வைத்த கேபினெட் மாதிரிகள்) போட்டுத் தருகிறோம், ட்ரெயினிங்கும் தருகிறோம் என்று சொல்லும் ஒரு டீலர், அவ்வளவுதான். பணம் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கோவையில் சி.என்.சி ரூட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பலகை வெட்டும் மெஷின், போட்டு வேலை செய்கிறோம். டெமோவுக்குக் கூப்பிட்டார்கள். திரையில் ஒரு பாக்ஸ் வரைந்து, கட்டிங் எடுத்து, எங்கள் கண் முன்னால் சேர்த்துக் காட்டினார்கள். மினிஃபிக்ஸ் (இரண்டு பலகைகளைப் பூட்டும் போல்ட்) ஓட்டை அச்சாக உட்கார்ந்தது, காடியில், அதாவது பலகையில் வெட்டிய பள்ளத்தில், பின்பலகை கையாலேயே இறங்கியது. நான் கேட்டேன்: "சார், நாங்க ப்ளைவுட்ல மைக்கா ஒட்டித்தான் செய்யறோம், தடிமன் ஒவ்வொரு லாட்டுக்கும் மாறும், அதுக்கும் இப்படி வருமா?" டீலர் எங்கள் சாம்பிள் துண்டைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "எந்த போர்டு வேணாலும் போடுங்கண்ணா, தடிமனை மட்டும் மாத்துங்க, ஜாயிண்ட் எல்லாம் தானா மாறிக்கும்" என்றார். அதே வார்த்தையை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். என் வேலையைப் புரிந்து பேசுகிற ஆள் கிடைத்துவிட்டார் என்று அன்றைக்கே லைசன்ஸுக்கும் லைப்ரரிக்கும் சேர்த்து ரூ.1,42,000 அனுப்பினேன்.

டெமோவில் போட்டது ஃபேக்டரியில் ஒட்டி வரும் ப்ரீலாம் போர்டு. அதில் மேல்தோலும் சேர்த்தே 18 மி.மீ. நம்முடையது அப்படியா? 18 மி.மீ. ப்ளையில் வெளியே ஒரு மைக்கா (மேலே ஒட்டும் லேமினேட்), உள்ளே ஒரு லைனர் (உள்பக்கம் ஒட்டும் மெல்லிய லேமினேட்). தடிமன் அளக்கும் வெர்னியரில் 19.4 காட்டியது. சாஃப்ட்வேரில் 19.4 என்று மாற்றினேன். படத்தில் பலகை தடித்தது. கட்டிங் லிஸ்ட் அசையவே இல்லை. 600 மி.மீ. பாக்ஸுக்கு அடிப்பலகை 564 என்றே வந்தது, அதாவது 600-இல் இரண்டு பக்கப்பலகைக்கு இரண்டு பதினெட்டு போக மீதி. வரவேண்டியது 561.2. சேர்த்தால் பாக்ஸ் 602.8. ஐந்து பாக்ஸ் வரிசையாக நின்றால் 14 மி.மீ. அதிகம். இரண்டு சுவருக்கு நடுவில் உட்கார வேண்டிய வரிசை உட்காரவில்லை.

அதோடு விடவில்லை. பக்கப்பலகையில் மினிஃபிக்ஸ் போல்ட் ஓட்டை ஓரத்திலிருந்து 9 மி.மீ. தள்ளி வந்தது. அடிப்பலகையின் விளிம்பில் சைட் ட்ரில் நட்டநடுவில், 9.7-இல் போடுகிறது. ஒவ்வொரு மூலையிலும் 0.7 மி.மீ. மேடு. விரல் வைத்தாலே தட்டும். வலதுபக்கப் பலகை கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி வர வேண்டும், இடதுபக்கத்தின் நகலாக வந்தது. பின்னால் இருக்க வேண்டிய காடி முன்னால் போய்விட்டது. எல்லாவற்றையும் விட மோசம் இன்னொன்று. பின்பலகை லைனரோடு 6.8 இருந்ததால் காடியை 7 என்று மாற்றினோம். மெஷினில் இருந்த பிட், அதாவது வெட்டும் முனை, 8 மி.மீ. பிட்டை விடக் காடி சின்னது என்பதால் அந்தப் பாதையையே சாஃப்ட்வேர் விட்டுவிட்டது. சிவப்பு எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை. ஷீட் முழுக்க வெட்டி முடிந்து பலகையை எடுத்தால் காடியே இல்லை. எட்டடிக்கு நாலடி ஷீட்டுகள், மைக்கா ஒட்டிப் ப்ரெஸ் போட்டு வைத்தவை, குப்பைக்குப் போயின. அது ரூ.1,42,000-க்கு மேல் போன கணக்கு.

போன் செய்தால் முதலில், "அது போஸ்ட் ப்ராசஸர் பிரச்சினை, மெஷின்காரங்களைக் கேளுங்க." படத்தை மெஷினுக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவதுதான் போஸ்ட் ப்ராசஸர். மெஷின்காரர் வந்து ஒரு சதுரம் வெட்டி அளந்து காட்டினார், சரியாக இருந்தது. அடுத்து, "உங்க ஆசாரி தப்பா அளந்திருப்பாருங்க." எங்கள் ஆசாரி என் அப்பா காலத்திலிருந்து மரவேலை செய்கிறவர். அவர் பக்கத்தில் நிற்கும்போதே ஸ்பீக்கரில் இதைச் சொன்னார்கள். பணம் போனதை விட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. அப்புறம் "டிக்கெட் போட்டாச்சு", "டீம் பாக்குது", "அடுத்த அப்டேட்ல வந்துடும்". அதற்கப்புறம் போனை எடுப்பதே இல்லை.

வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டபோதுதான் உண்மை வந்தது. எனக்குக் கொடுத்த லைப்ரரியில் 18, 9, 6 எல்லாமே கையால் அடித்து வைத்த எண்கள். போர்டின் தடிமனோடு எதுவும் இணைக்கப்படவில்லை. இணைத்த லைப்ரரி "தனி ப்ராடக்ட்", அதற்கு இன்னும் ரூ.65,000 ஆகுமாம்! வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். "அது சேல்ஸ் டீம் சொன்னது" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "லைசன்ஸ் ஆக்டிவேட் ஆயிடுச்சு. நீங்க வியாபாரம் பண்றவர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கும் போக முடியாது" என்று மிரட்டல் வேறு.

அது பொய். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் தன் உபயோகத்துக்கு வாங்கியதற்கு விலக்கு இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள தொகைக்கு மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன். ரூ.1,42,000-ஐ விடப் போவதில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், வெளியே கஸ்டமர் காத்திருக்கிறார். அவசரத்துக்கு இவ்வளவு. டெமோவுக்கு உங்கள் மைக்கா ஒட்டிய போர்டை நீங்களே எடுத்துப் போங்கள். அவர்கள் போர்டில் பார்க்காதீர்கள். தடிமனை 18-லிருந்து 19.4-க்கு மாற்றச் சொல்லி, அடிப்பலகை நீளம் மாறுகிறதா என்று கட்டிங் லிஸ்டில் பாருங்கள், படத்தில் அல்ல. வலது, இடது இரண்டையும் வெட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள். பிட்டை விடச் சின்னக் காடி ஒன்று போட்டு எச்சரிக்கை வருகிறதா பாருங்கள். "ஜாயிண்ட் தானாக மாறும்" என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அது வரைக்கும் லைசன்ஸை ஆக்டிவேட் செய்ய விடாதீர்கள்.