6 வருட எல்இடி அனுபவம்: வாட்ஸ் மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான்

வீட்டு விளக்குகளை எல்லாம் எல்இடிக்கு மாற்றி 6 வருடம் ஆகிறது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே அளவு வாட்ஸ்தான். 9 வாட்ஸைவிட 12 வாட்ஸ் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான் கணக்கு. வாட்ஸ் என்பது விளக்கு இழுக்கிற மின்சாரம், அது வெளியே விடுகிற வெளிச்சத்துக்கு லூமென் என்று தனி அளவு இருக்கிறது என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு கிட்டத்தட்ட 800 லூமென் தரும். எல்இடிக்கு அதற்கு 8, 9 வாட்ஸ் போதும்.

சரி, இனி லூமென் பார்த்து வாங்கலாம் என்று தையல் மேசை இருக்கிற அறைக்கு 1200 லூமென் சீலிங் லைட் மாட்டினேன். அறை வெளிச்சமாகத்தான் இருந்தது, ஊசியில் நூல் கோக்கத்தான் முடியவில்லை! மேசைமேல் போனை வைத்து ஒரு லக்ஸ் மீட்டர் ஆப்பில் பார்த்தால் 70 சொச்சம். (ஆப் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், இரண்டு இடங்களை ஒப்பிட மட்டும் உதவும்.) ஒரு சதுர மீட்டரில் 1 லூமென் விழுந்தால் அது 1 லக்ஸ். அலுவலகத்தில் படிக்க, எழுத 500 லக்ஸ் வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலை ஈ.என் 12464-1 சொல்கிறது. என் விளக்கு அறை முழுக்க வெளிச்சத்தை இறைத்துவிட்டு 2 மீட்டர் கீழே இருந்த மேசைக்கு மிச்சத்தைத் தந்திருக்கிறது, அதிலும் பாதியை என் தலை நிழல் மறைத்துவிட்டது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகிவிடும், அதுதான் விஷயம். இப்போது 450 லூமென் மேசை விளக்கு ஒன்றை அரை மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறேன், ஆப் 600-ஐத் தாண்டுகிறது.

நடுவில் ஒரு ஸ்பாட் லைட்டும் வாங்கிப் பார்த்தேன். பீம் ஆங்கிள் 24 டிகிரி. நடுவில் இருக்கும் வெளிச்சம் பாதியாகக் குறைகிற எல்லை வரை அளக்கும் கோணம் அது. துணிமேல் தட்டளவு வட்டம் கண்ணைக் கூசியது, சுற்றிலும் இருட்டு. சுவர்ப் படத்துக்கு நன்றாக இருக்கும், தையலுக்கு ஆகாது.

அதைவிடப் பெரிய அடி நிறத்தில் விழுந்தது. ஒரு ராத்திரி சிவப்புத் துணிக்கு மெரூன் நூலைப் போட்டு முழு ஓரமும் தைத்துவிட்டேன். காலையில் ஜன்னல் பக்கம் கொண்டுபோனதும்தான் தெரிந்தது, அத்தனையும் பிரித்தேன். விளக்கின் சி.ஆர்.ஐ. (அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதை 100-க்குச் சொல்லும் எண்) 80 என்று போட்டிருந்தது, அது மோசமான எண்ணும் இல்லை. ஆனால் அந்த எண் 8 மங்கலான நிறங்களின் சராசரி, அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதை ஆர்9 என்று தனியாகச் சொல்வார்கள், அதாவது சொன்னால் உண்டு. 80 உள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருந்தாலும் ஆச்சரியமில்லை. இப்போது மேசையில் இருப்பது சி.ஆர்.ஐ. 95, சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது.

வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சொல்லும் அளவான கெல்வின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். படுக்கையறையில் 6500 போட்டு ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு 2700-க்கு மாறினேன், வேலை செய்யும் இடத்தில் 4000.

ஆயுள்தான் எரிச்சல். 25,000 மணி நேரம் என்று போட்டிருந்த பல்பு, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் 14 மாதத்தில் போய்விட்டது. இப்படிப் போடும் மணிக்கணக்கு பெரும்பாலும் எல்70, அதாவது எல்இடியின் வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதத்துக்கு இறங்க ஆகும் நேரம். உள்ளே இருக்கும் டிரைவர் (மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சுற்று) அதுவரை தாங்குமா என்பது வேறு கேள்வி, சூடு வெளியேற வழியில்லாவிட்டால் முதலில் போவது பெரும்பாலும் அதுதான். அதே பல்பை வாங்கித் திறந்த ஹோல்டரில் மாட்டினேன், 4 வருடமாக எரிகிறது. போன் கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன, அதாவது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கு சிமிட்டுகிறது (ஃபிளிக்கர்). அதனால் அதை மாடிப்படிக்குத் தள்ளிவிட்டேன்.