'குவார்க்' டிவிடி தேடுபவர்கள் கவனத்துக்கு

"முழுத் தொடர், ஒரிஜினல், சீல் பிரிக்காதது" என்று போட்டு 'குவார்க்' டிவிடியை 38 டாலருக்கு ஒருவர் ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்தார். வாங்கினேன். வந்தது வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்த டிஸ்க். பழைய அறிவியல் புனைவுத் தொடர்களைச் சேர்க்கிற யாரும் இதே வலையில் விழலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

தொடரைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். விண்வெளியில் குப்பை அள்ளும் கப்பல் ஒன்று, அதன் கேப்டன் ஆடம் குவார்க். நடித்தவர் ரிச்சர்ட் பெஞ்சமின். உருவாக்கியவர் பக் ஹென்றி; மெல் புரூக்ஸோடு சேர்ந்து 'கெட் ஸ்மார்ட்' தொடரைத் தந்தவர். 1977 மே மாதம் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் பைலட் எபிசோடு, அதாவது வெள்ளோட்டமாக எடுக்கும் முதல் எபிசோடு, வந்தது. அதே மாதக் கடைசியில் 'ஸ்டார் வார்ஸ்' வெளியாகி ஊரே விண்வெளிப் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஆனாலும் 1978 பிப்ரவரியில் தொடங்கிய தொடர் ஏப்ரலில் நின்றுவிட்டது. கப்பலில் பெட்டி என்ற பெயரில் இரண்டு பெண்கள் உண்டு. ஒருத்தி மற்றவளின் நகல், ஆனால் இருவருமே "அவள்தான் நகல்" என்பார்கள். போலி டிவிடி பற்றிய பதிவில் இதைச் சொல்ல நேர்ந்ததை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பைலட்டையும் சேர்த்து மொத்தம் எட்டே எபிசோடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2008-இல் சோனி இதை அமெரிக்காவில் டிவிடியாக வெளியிட்டது. அது ரீஜியன் 1. டிவிடி எந்த நாட்டுப் பிளேயர்களில் ஓடும் என்பதைச் சொல்லும் குறியீடுதான் ரீஜியன்; 1 என்றால் அமெரிக்காவுக்கும் கனடாவுக்குமானது.

எனக்கு வந்த உறையின் அட்டைப்படம் தூரத்தில் பார்த்தால் சரியாகவே இருந்தது. கையில் எடுத்தால் எழுத்தெல்லாம் மங்கல். ஸ்கேன் செய்து வீட்டுப் பிரிண்டரில் எடுத்தது போலிருந்தது. பின்பக்கம் "எல்லா ரீஜியன்களிலும் ஓடும்" என்று ஒரு வரி. அமெரிக்க வெளியீட்டில் அந்த வரிக்கு என்ன வேலை? டிஸ்க்கைத் திருப்பினால் அடிப்பக்கம் ஊதா. தொழிற்சாலையில் அச்சடிக்கும் டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும். நாமே எழுதுகிற டிஸ்க்கில்தான் அந்த ஊதாச் சாயம் தெரியும். சந்தேகம் தீரக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் வகை 'டிவிடி-ஆர்', அதாவது நாமே எழுதுகிற வகை, என்றே காட்டியது. அச்சடித்ததாக இருந்தால் 'டிவிடி-ரோம்' என்று வந்திருக்க வேண்டும்.

படத்தின் லட்சணம் தனிக் கதை. எப்போதோ டிவியில் ஓடியபோது விஎச்எஸ் டேப்பில் (பழைய வீடியோ கேசட்) பிடித்ததை அப்படியே மாற்றியிருக்கிறார்கள். திரையின் அடியில் டேப்புக்கே உரிய அந்த நெளியும் கோடு, மூலையில் சேனல் லோகோ. விளம்பரம் வரும் இடங்களில் வசனம் பாதியில் வெட்டுப்படுகிறது. அத்தனையையும் 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் அமுக்கியதால், யாராவது வேகமாக நடந்தாலே முகம் கட்டம் கட்டமாக உடைகிறது.

அதைவிட எரிச்சல், பைலட்டே இல்லை. விற்பனையாளர் "எட்டும் இருக்கிறது" என்று சாதித்தார். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. ஃபைக்கஸ் என்று ஒரு பாத்திரம்: மனித உருவில் இருக்கும் தாவரம், உணர்ச்சியே இல்லாமல் பேசும், தொடரின் உயிரே அதுதான் என்பது என் கட்சி. பைலட்டில் ஃபைக்கஸ் கிடையாது. அந்த இடத்தில் ஓ.பி. மட் என்ற கிழட்டு விஞ்ஞானி இருப்பார். உங்கள் டிஸ்க்கில் மட் எங்குமே தலைகாட்டவில்லை என்றால் பைலட் இல்லை என்று அர்த்தம். என் டிஸ்க் 'மே தி சோர்ஸ் பி வித் யூ' எபிசோடில்தான் தொடங்கியது. அது இரட்டை நீள எபிசோடு என்பதால் அதையே இரண்டாக வெட்டி, எட்டு என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள்! இன்னொரு எபிசோடு இரண்டு பாகமாக வரும். அதில் இரண்டாம் பாகம் முதலில் ஓடுகிறது.

புகார் சொன்னதும் முதலில் பதிலே இல்லை. அப்புறம், "அச்சில் இல்லாத தொடருக்கு இதுதான் கலெக்டர் பதிப்பு" என்றார். பிறகு பாதிப் பணம் தருவதாகவும், நான் போட்ட ஒற்றை நட்சத்திரத்தை எடுத்துவிட வேண்டும் என்றும் பேரம். நான் மசியவில்லை. ஊதா அடிப்பக்கத்தின் படத்தையும், கம்ப்யூட்டர் காட்டிய டிஸ்க் வகையின் ஸ்கிரீன்ஷாட்டையும் அந்தத் தளத்தின் புகார்ப் பகுதியில் ஏற்றினேன். முழுப் பணமும் திரும்பி வந்தது. விற்பனையாளரோடு தனியாக மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தால் காலக்கெடு தாண்டிப் போயிருக்கும். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

வாங்கும் எண்ணம் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே டிஸ்க்கின் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். சீல் பிரிக்காததால் முடியாது என்று சொன்னால் உறையின் முதுகுப்பகுதி, பின்பக்கம் இரண்டையும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "இரண்டு சீசன்" என்றோ "ப்ளூ-ரே தரம்" என்றோ யாராவது விற்றால் கேட்கவே வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

என்னிடம் விற்றவரின் கணக்கு முடக்கப்பட்டது. ஆனால் அதே மங்கல் அட்டைப்படம் இப்போது வேறு பெயரில், 34 டாலருக்கு மறுபடி ஏறியிருக்கிறது.