தடம் விடாத கருவிகள்: ஃபினிஷிங் தச்சரின் இடுப்புப் பைக்கு

கதவு நிலையைச் சுற்றி வரும் அலங்காரச் சட்டம், சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங், கூரையோரத்து மோல்டிங் ஆகியவற்றைப் பொருத்தும் தச்சருக்குப் பின் வருபவர் வண்ணம் பூசுபவர் ஒருவர்தான். வார்னிஷோ இணைப்பில் உள்ள இடைவெளியை மறைப்பதில்லை, இன்னும் அழுத்தமாகக் காட்டிவிடுகிறது. ஆகவே இடுப்புப் பையில் ஒரு கருவிக்கு இடம் கொடுக்கும் முன், அது மரத்தில் என்ன செய்கிறது என்பதோடு, எந்தத் தடத்தையும் விடாமல் செய்கிறதா என்பதையும் பார்க்கிறேன். பல ஆண்டுப் பயன்பாட்டில் இந்தச் சோதனையில் தேறியவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

என் கை அடிக்கடி போவது பிளாக் பிளேன் எனப்படும் சிறிய இழைப்புளியின் மீதுதான். ஸ்டான்லி நிறுவனத்தின் 60½ எண் வடிவமைப்பில் தகடு 12 பாகையில் படுத்திருக்கிறது. சாணை பிடித்த சாய்வு மேல்நோக்கி இருப்பதால், 25 பாகைச் சாணையோடு சேர்ந்து வெட்டுக்கோணம் 37 பாகை ஆகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த 9½ எண் இழைப்புளியில் தகட்டின் படுகை 20 பாகை. ஆகவே அதன் வெட்டுக்கோணம் 45. எட்டுப் பாகை வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் சட்டத்தின் வெட்டுமுனையில், அதாவது இழைகள் குறுக்காக அறுபட்டு நிற்கும் முகத்தில் ஓட்டிப் பார்த்தால், முன்னது சீவலாக எடுக்கும் இடத்தில் பின்னது பொடியாகச் சுரண்டுவது தெரியும். அதே சமயம், இழை எதிர்த்து வரும் நீள்பக்கத்தில் தாழ்ந்த கோணம் மரத்தைப் பிய்த்துவிடும். அங்கே வாயை, அதாவது தகட்டின் முனை வெளியே வரும் அடித்திறப்பை, மயிரிழை அளவுக்குக் குறுக்கி, மிக மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். வாய் திறப்பைச் சரிசெய்ய முடியாத இழைப்புளியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவர் சற்றுப் புடைத்திருந்தால், 45 பாகையில் வெட்டிய இரு சட்டங்கள் முன்புறம் வாய் பிளந்து நிற்கும். அப்போது வெட்டுமுகத்தின் பின்பகுதியில் இரண்டு மூன்று சீவல் எடுத்தால் போதும், முன்விளிம்புகள் கண்ணெதிரே வந்து கூடிவிடும். வேறு எந்தக் கருவியும் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு மனநிறைவை எனக்குத் தந்ததில்லை. புதிதாக வாங்கியதை அப்படியே பயன்படுத்தலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்: தகட்டின் தட்டையான பக்கத்தைச் சாணைக்கல்லில் கண்ணாடி போல மெருகேற்றிய பிறகே அதன் உண்மையான தரம் வெளிப்படும்.

அடுத்தது, செங்கோணம் பார்க்க உதவும், நகரும் தலை கொண்ட மூலைமட்டம். 1880-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏதால் நகரில் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிய லாராய் ஸ்டாரெட் உருவாக்கிய கருவி இது. அந்த நிறுவனத்தின் 6 அங்குல மட்டம் இன்றும் என் முதல் தேர்வு. அளவுக்கோடுகள் மையால் அச்சிடப்படாமல் செதுக்கப்பட்டிருப்பதால் பென்சில் முனை அவற்றில் சிக்கி நிற்கிறது. தலையை 5 மில்லிமீட்டரில் பூட்டி, நிலையின் விளிம்பில் பென்சிலோடு இழுத்துச் சென்றால், சட்டம் எவ்வளவு உள்வாங்கி அமர வேண்டும் என்ற கோடு நான்கு மூச்சில் முடிந்துவிடும். முன்பு மலிவாகக் கிடைத்த வேறொரு மட்டத்தை நம்பி ஒரு நாள் முழுவதும் வெட்டிய சட்டங்கள் மறுநாள் எந்த மூலையிலும் பொருந்தாமல் போயின. அன்றிலிருந்து எந்த மட்டத்தையும் வாங்கும் இடத்திலேயே சோதிக்கிறேன்: நேரான விளிம்பில் தலையை வைத்து ஒரு கோடு, மட்டத்தைப் புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விலகினால், விலகலில் பாதி அந்த மட்டத்தின் பிழை.

அளவு டேப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முனைக் கொக்கி ஆடுவதைக் குறையென்று எண்ணிச் சிலர் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். வெளிப்பக்கம் மாட்டி அளக்கும்போதும் உள்பக்கம் முட்டி அளக்கும்போதும் கொக்கியின் தடிப்பை ஈடுகட்டவே அது அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இயன்ற இடங்களில் அளக்கவே கூடாது என்பது என் கருத்து. சட்டத்தை அதன் இடத்திலேயே பிடித்து, ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த குறியீட்டுக் கத்தியால் கீறினால், பென்சில் கோட்டின் தடிமன் என்ற சந்தேகமே எழாது.

உள்மூலைகளுக்கு, மெல்லிய தகட்டை வளைந்த சட்டகத்தில் இழுத்துக் கட்டிய கோப்பிங் வாள். இரு சட்டங்களையும் 45 பாகையில் வெட்டி உள்மூலையில் சேர்ப்பது எளிதுதான். ஆனால் ஆணி அடிக்கும்போது சட்டம் சற்றே பின்வாங்கினாலோ, பின்னர் மரம் காய்ந்து சுருங்கினாலோ, இணைப்பு கருங்கோடாகத் திறந்துகொள்ளும். ஒன்றை நேராக மூலைவரை ஓடவிட்டு, மற்றதன் முனையை முதலாவதன் வளைவு நெளிவுகளுக்கு ஏற்ப அறுத்து அதன்மேல் அமர்த்தினால், அசைவு ஏற்பட்டாலும் இடைவெளி எளிதில் கண்ணில் படுவதில்லை. அறுக்கும்போது வாளைப் பின்புறமாகச் சாய்த்து, முன்விளிம்பு மட்டும் தொடும்படி உள்வாங்க வெட்டுவதில்தான் திறமை இருக்கிறது. வாள்பற்கள் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதில் தச்சர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பற்கள் மரத்தைவிட்டு வெளியேறும் பக்கத்தில்தான் இழை பிய்யும் என்பதை நினைவில் வைத்து, பார்வைக்கு வரும் முகத்தை அதற்கு எதிர்ப்பக்கமாகப் பிடித்தால் இரண்டு முறையும் சரியே. வாங்கும்போது சட்டகத்தின் விறைப்பைக் கவனியுங்கள்: தகடு தளர்ந்தால் வளைவுகளில் கோடு தவறிவிடும்.

சுத்தியல் 16 அவுன்சு, அதாவது சுமார் 450 கிராம், முகம் வழுவழுப்பானது. கட்டம் பொறித்த முகம் இந்த வேலைக்கு ஆகாது. அதையும்கூட ஆணியின் தலை 3 மில்லிமீட்டர் வெளியே நிற்கும்போதே நிறுத்திவிட்டு, மீதியை ஆணித்துளைப்பான் என்னும் நெயில் செட்டிடம் ஒப்படைக்க வேண்டும். முனையில் சிறு குழி உள்ளதையே வாங்க வேண்டும், அது ஆணித்தலையைவிட்டு நழுவாது. முனை ஆணித்தலையைவிடச் சிறியதாக இல்லாவிட்டால் துளை அகன்று, பட்டி வைத்த பிறகும் வடுவாகத் தெரியும். சட்டத்தின் ஓரத்தில் அடிக்க நேர்ந்தால், ஆணியின் கூர்முனையை ஒரு தட்டுத் தட்டி மழுக்கிக்கொள்வது நல்லது. மழுங்கிய முனை இழையைப் பிளக்காமல் நசுக்கிக்கொண்டு இறங்கும்.

நீட்டி நிற்கும் மரமுளைகளை மட்டமாக அறுக்க, பற்கள் இருபுறமும் விரிக்கப்படாத ஜப்பானிய இழுவாள் ஒன்று போதும். பரப்பில் படுத்து ஓடினாலும் கீறல் விழாது. 18 மில்லிமீட்டர் உளி ஒன்றும் உறையோடு இருக்கட்டும். கடைசியாக, பலர் மறந்துவிடுகிற ஆணிக்குறடு: பழைய சட்டத்தைக் கழற்றியதும் ஆணியை முன்பக்கமாகத் தட்டி வெளியேற்றினால் பட்டியோடு வண்ணமும் பெயர்ந்து விழும், பின்புறமிருந்து முனையைப் பற்றி உருட்டி இழுத்தால், ஆணித்தலை மரத்தின் ஊடாகவே வந்துவிடும், முன்முகம் கழற்றும் முன் இருந்தபடியே இருக்கும். கழற்றிய சட்டத்தை அதே இடத்தில் மீண்டும் பொருத்தித் தர வேண்டிய வேலைகளுக்கு இந்தக் குறடு இல்லாமல் நான் செல்வதில்லை.