மலைச்சரிவில் இயற்கைக் குடியிருப்பு வாங்கப் போகிறீர்களா? முதலில் மழைநீர்க் கானைக் காட்டச் சொல்லுங்கள்

மலையகத்தில் "இயற்கையோடு வாழுங்கள்" என்று சொல்லிக் காணித் துண்டு விற்கும் திட்டம் எதிலாவது பணம் கட்ட யோசித்துக்கொண்டிருப்பவர்கள், கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். நானும் கணவரும் பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையில் ஒரு சரிவில் 20 பேர்ச் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) வாங்கினோம். காணிக்கு ஒரு விலை. அதற்கு மேல் "நிலத்தோற்ற வடிவமைப்பு" என்று பேர்ச்சுக்கு இவ்வளவு எனத் தனியாக இன்னொரு தொகை. எங்களை ஏமாற்றியது அந்த இரண்டாவது தொகையில்தான். பணம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். எங்கள் காணிக்குக் கீழே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருக்கிற குடும்பங்களின் அடுப்படிக்குள் சேறு போனது. அதனால் எழுதுகிறேன்.

முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால், பெயர் தெரியாமலே உங்களால் தப்பிக்க முடியும்.

அந்தக் காணி முன்பு ஒரு சிறு தேயிலைத் தோட்டம். ஆறு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. தேயிலை கிழடு தட்டியிருந்தது. ஆனால் இடையிடையே சவுக்கு மரங்கள் உயர்ந்து நின்றன, சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள் நல்ல நிலையில் இருந்தன, ஒரு ஓரமாகப் பள்ளத்தில் சின்ன ஓடை ஓடியது. அவர்கள் கையில் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் ஓடைக்கரைக் காடு, நாட்டு மரங்கள், மழைநீர்க் குளம், கொங்கிரீட் போடாத நடைபாதை, ஒவ்வொரு வீட்டுக்கும் படிகட்டிய மரக்கறித் தோட்டம் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். கடைசிப் பக்கத்தில் நிலத்தோற்றக் கட்டடக் கலைஞர் ஒருவரின் பெயரும் இருந்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அப்படிப் படித்த ஒருவர் பொறுப்பில் இருக்கிறார் என்பதுதான் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை.

முற்பணம் முழுக்கக் கட்டிய பிறகு மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. "மெடம், முதல்ல காணியைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் மரம் வைக்க முடியும்" என்றார் தள முகாமையாளர். சுத்தம் என்று அவர் சொன்னது, தேயிலையை வேரோடு பிடுங்குவது, சவுக்கு மரங்களை வெட்டி லொறியில் ஏற்றுவது, அப்புறம் மேல்மண்ணை வழித்து ஓடைப்பக்கம் தள்ளுவது. கடைசியாகக் கான்கள் எல்லாவற்றையும் மூடிச் சரிவைச் சீராக்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கான் என்பது வெறும் வாய்க்கால் இல்லை. என் அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சரிவில் பெய்கிற மழை நேராகக் கீழே ஓடினால் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதைத் தடுக்கத்தான் மலையைச் சுற்றிக் கிட்டத்தட்ட மட்டமாக, மிக இலேசான சாய்வில் கான் வெட்டுவார்கள். கானுக்குள்ளேயே இடைக்கிடை குழி விட்டு, குழிக்கும் குழிக்கும் நடுவில் தாழ்ந்த மண்தடுப்பு வைப்பார்கள். மண் குழியில் தங்கும், தண்ணீர் தடுப்பைத் தாண்டி மெதுவாக அடுத்த குழிக்குப் போகும், முடிவில் கல் பாவிய பெரிய கானில் விழுந்து ஓடையைச் சேரும். குழியில் தங்கிய மண்ணை ஆட்கள் வாரி மறுபடி தேயிலையின் காலடியில் போடுவார்கள். பல தலைமுறைத் தொழிலாளர்கள் முதுகு ஒடிய வெட்டிப் பராமரித்த ஏற்பாடு இது. எங்கள் காணியில் பெக்கோ சில நாளில் அதை இல்லாமல் ஆக்கியது. புதிதாக ஒரு கான்கூட வெட்டவில்லை.

அடுத்தது குளம். வீதி காணியின் உச்சியில் நுழைகிறது. வாங்க வருகிறவர்கள் வாகனத்தை விட்டு இறங்கியதும் கண்ணில் படவேண்டும் என்று குளத்தை உச்சியிலேயே தோண்டினார்கள். அடியில் மெல்லிய பொலித்தீன் விரிப்பு. அதற்குக் கீழே வரிசையாக வீட்டு மேடைகள், மேடைகளைத் தாங்க ஆளுயரத்துக்கு மேல் கருங்கல் சுவர்கள். சுவரில் தண்ணீர் வடியக் குழாய்த் துளை எங்கேயும் இல்லை. சுவருக்குப் பின்னால் ஊறுகிற தண்ணீர் வெளியே வர வழி இல்லாவிட்டால் சுவரைத்தான் தள்ளும். இதைச் சொல்ல எஞ்சினியர் தேவையில்லை. கீழ் லயத்துப் பெரியவர் ஒருவர் குளம் வெட்டும்போதே என்னிடம் சொன்னார்: "டீச்சர், மேல தண்ணியக் கட்டி வைக்கிறாங்க. அது எங்க தலைக்கு மேலதான் நிக்கும்." நான் அதை அப்படியே முகாமையாளரிடம் சொன்னேன், எழுத்திலும் அனுப்பினேன். "எல்லாம் பிளான்படிதான் மெடம்" என்று பதில் வந்தது.

நட்ட செடிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். புத்தகத்தில் குறிஞ்சிப் புதரும் மரப்பன்னமுமாக இருந்த படங்கள் ஹோர்ட்டன் சமவெளியில் எடுத்தவை. அது 2,100 மீட்டருக்கு மேலே. பண்டாரவளை ஏறக்குறைய 1,200 மீட்டர், காய்ந்த காற்று வீசுகிற பத்தனைப் புல்வெளிப் பக்கம். அங்கே வளர்வதெல்லாம் இங்கே வளராது. ஊவாவின் தாழ்ந்த சரிவுகளுக்கென்றே நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை என்று எவ்வளவோ இருக்கின்றன. அதில் ஒன்றுகூட வரவில்லை. வந்தது மலேசியன் புல் விரிப்பு, நுழைவில் இரண்டு வரிசை அலங்காரப் பனை, ஓடைக்கரையில் ஆப்பிரிக்க டியூலிப் கன்றுகள். ஆப்பிரிக்க டியூலிப் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிற மரம். அதன் விதை காற்றில் பறந்துபோய் முளைக்கும். "ஓடைக்கரைக் காடு" என்று காசு வாங்கிக்கொண்டு அதைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

தேயிலை பிடுங்கிய மண்ணை எப்படிக் கையாளவேண்டும் என்பது இந்த நாட்டில் புதிய அறிவு இல்லை. தோட்டங்களில் மறுநடுகைக்கு முன் ஒன்றரை, இரண்டு வருடம் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணை ஆறவிடுவார்கள். வெட்டிவேர் வரிசை போட்டால் வேர் மூன்று மீட்டருக்கும் கீழே இறங்கி மண்ணைப் பிடிக்கும். விரிப்புப் புல்லின் வேர் விரற்கடை ஆழம். மானாவும் வெட்டிவேரும் போட்டோவில் புதர் மண்டிய காணி மாதிரித் தெரிவதால் வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட முடியாது. விரிப்புப் புல் ஒரே நாளில் பச்சை காட்டும். அவர்கள் விற்றது அந்தப் பச்சையை.

சித்திரை மாதத்தில் மாலையில் இடியோடு பெய்கிற வழக்கமான மழை. எங்கள் பகுதிக்கு அன்று எந்த எச்சரிக்கையும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழைக்குப் பக்கத்தில்கூட வராது. அந்த மழைக்கே குளத்தின் கரை ஒரு பக்கம் இளகி, அதற்குக் கீழிருந்த சுவர் வயிறு தள்ளி, இரவில் சரிந்தது. புல் விரிப்பு சுருள் சுருளாகக் கழன்று சேற்றோடு இறங்கியது. கீழே லயத்தில் மூன்று வீட்டின் பின்சுவர் வரை மண். ஒரு வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகங்கள் முழுக்க நாசம், அந்தப் பிள்ளை என் வகுப்பு மாணவி. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தயில் நடந்த மண்சரிவைக் கண்ணால் கண்ட மாவட்டம் இது. இந்த மக்களின் தலைக்கு மேல் ஒரு குளத்தைத் தோண்ட அவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

அதன் பிறகு நாங்கள் காகிதங்களைத் தேடினோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைக்கு விண்ணப்பம் எழுதினால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். சபை அனுமதித்த துண்டாடல் பிளானின் பிரதி எங்களுக்குக் கிடைத்தது. அதில் குளமே இல்லை. வண்ணப் புத்தகத்தில் "உங்களுக்காக நாங்கள் ஒதுக்கிய காடு" என்று பெருமையாகச் சொன்ன இடம், வீடு கட்டவே முடியாத ஓடைப் பள்ளம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் செல்லுபடியாகும் இடங்களில், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் வீதி போக நூற்றுக்குப் பத்துக்குக் குறையாமல் பொது இடமாக விட்டாகவேண்டும். சட்டப்படி விட்டே ஆகவேண்டியதைத்தான் எங்களுக்குக் காசுக்கு விற்றிருக்கிறார்கள்.

அலுவலகச் சுவரில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நிதானமாக வாசித்துப் பார்த்தால் அது காணியின் ஒரு மூலையில் ஒரே ஒரு வீட்டுக்குக் கொடுத்த பரிந்துரை. அதிலேயே மழைநீர் வடிகாலைப் பேணவேண்டும் என்று நிபந்தனை இருந்தது. புத்தகத்தில் பெயர் இருந்த வடிவமைப்பாளரையும் தேடிப் பிடித்துப் பேசினோம். அவர் ஆரம்ப வரைபடம் மட்டும் கொடுத்தவர். அவருடைய வரைபடத்தில் குளம் சரிவின் அடியில், ஓடைக்குப் பக்கத்தில் இருந்தது. பழைய கான்களையும் அப்படியே வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை, பெயரை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார்கள்.

நிறுவனத்திடம் இதையெல்லாம் கொண்டுபோனபோது, விற்பனை ஒப்பந்தத்தில் நிலத்தோற்றத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றார்கள். அது உண்மை. எல்லை, பேர்ச் அளவு, வழியுரிமை எல்லாம் காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கின்றன. மரம், குளம், கான், நடைபாதை எதுவும் இல்லை. அந்தத் தொகைக்குத் தந்த ரசீதில் "அபிவிருத்திக் கட்டணம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

ஆகவே காணி பார்க்கப் போகும்போது மரத்தின் பெயரைக் கேட்காதீர்கள், தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். உச்சியில் விழுகிற மழை எந்தக் கானால் எந்த ஓடைக்குப் போகிறது என்று பிளானில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர்களிடம் நிலத்தோற்றப் பிளான் என்று ஒன்று இல்லை. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதத்தில் காணியின் எந்தப் பகுதிக்கு, எந்த வேலைக்குப் பரிந்துரை என்பதை வரி வரியாக வாசியுங்கள், நிபந்தனைகளையும் சேர்த்து. நிலத்தோற்ற வரைபடத்தை, அதை வரைந்தவரின் கையொப்பத்தோடு, விற்பனை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கும்படி உங்கள் நொத்தாரிசிடம் சொல்லுங்கள். அதற்கான பணத்தைக் கான் முடிந்ததும் ஒரு பங்கு, நடுகை முடிந்ததும் ஒரு பங்கு, ஒரு மழைக்காலம் தாண்டியதும் மீதி என்று பிரித்துக் கட்டுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனத்தில் வாங்காதீர்கள். முக்கியமாக, கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று இறங்கிப் போய்ப் பாருங்கள், அவர்களோடு பேசுங்கள். அந்தச் சரிவில் தண்ணீர் எப்படி வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுவதென்றால் சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டும், தள்ளிப்போடாதீர்கள். விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. நாங்கள் அங்கேயும், பிரதேச செயலகத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். லயத்துக் குடும்பங்கள் தனியாக ஒரு முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள், அவர்களுடைய நட்டஈடு எங்கள் பணத்துக்கு முன்னால் தீரவேண்டும் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு. குளத்தை வடியவிட்டாயிற்று. ஐப்பசி மழைக்கு முன் பழைய மேல்கானை மறுபடி வெட்டித் திறக்க, கான் வேலை தெரிந்த ஆட்களைப் பெரியவரே பேசித் தந்திருக்கிறார். கூலியைத் துண்டு வாங்கியவர்கள் பகிர்ந்துகொள்கிறோம். இந்தக் காணியில் வாங்கி, இன்னும் எங்களோடு சேராமல் இருப்பவர்கள் அபிவிருத்திக் கட்டண ரசீதையும் அந்த வண்ணப் புத்தகத்தையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். விசாரணைக்கு இரண்டும் தேவைப்படும்.