புல்லுமலைச் சேனைக்குச் சோளனா, கச்சானா?

மட்டக்களப்பு மாவட்டத்துப் புல்லுமலையில், மாரி மழையை நம்பிச் சேனை, அதாவது காட்டை வெட்டி எரித்துச் செய்யும் மேட்டுப்பயிர், செய்யும் குடும்பங்களுக்குச் சோளன் (மக்காச்சோளம்) முதற்பார்வைக்கு லேசான பயிர். ஏக்கருக்கு ஐந்தாறு கிலோ கலப்பின விதை போதும். வரிசைக்கு வரிசை 60, கன்றுக்குக் கன்று 30 சென்ரிமீற்றர். ஆனால் அந்த விளைச்சலில் விதை எடுத்து வைக்க ஏலாது, அடுத்த போகத்தில் விளைச்சல் விழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் கடைக்காசுதான். 2018 இல் அம்பாறையில் பரவிய படைப்புழுவும் சேர்ந்துகொண்டது. முளைத்த முதல் மாதம் வாரம் இருமுறை குருத்தைப் பார்க்கவேண்டும். மரத்தூள் போல எச்சம் கிடந்தால் புழு உள்ளே இருக்கிறது.

இவற்றைவிடப் பெரிய கவலை யானை. கதிர் பால்பிடிக்கும் வாரங்களில் பரணில் மாறிமாறி விழித்திருக்க இரண்டு பேர் இல்லாத வீடு சோளனில் இறங்கவே வேண்டாம். அப்படியான வீட்டுக்குக் கச்சானே (நிலக்கடலை) சரி.

கச்சானை யானை சோளன் அளவுக்குத் தேடாது. பன்றி கிண்டும், நெருக்கமான கம்புவேலி ஓரளவு தடுக்கும். ஏக்கருக்கு 40 கிலோ பருப்பு வேண்டும், முதல் போகத்தில் அது கனத்த செலவு. பிறகு சொந்த விதையைக் கோதோடு வைத்து, விதைக்கும் வாரத்தில் உடைக்கலாம். மண் மணற்பாங்காக இருக்கவேண்டும். பூ உதிர்ந்தபின் காய் வைக்க மண்ணுக்குள் இறங்கும் ஊசி இறுகிய மண்ணில் இறங்காது, பிடுங்கும்போது காயும் அறுந்து உள்ளேயே நிற்கும். பூக்கும்போது ஜிப்சம் இட்டு மண் அணைக்காவிட்டால் பொக்குக் காய்தான் மிஞ்சும்.

பிடுங்கும் நேரத்தில் மழை நின்றபாடில்லை என்றால் காய் முளைக்கும், பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த பருப்பில் அஃப்ளாடொக்சின் நஞ்சு இருக்கலாம், ஆட்டுக்கும் போடக்கூடாது. குலுக்கினால் பருப்பு கலகலக்கும்வரை காயவைத்த பிறகே சாக்கில் கட்டுங்கள்.